மைதானத்தை எங்களுக்கே விற்றோம்

என் வீட்டு வாசலிலிருந்து மந்தைவெளி பஸ் நிறுத்தம் நானூற்றுப் பன்னிரண்டு காலடி. மழைக்காலத்தில் பள்ளங்களைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் நானூற்று நாற்பது. காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் பெரும்பாலும் பதினோரு பேர் இருப்பார்கள், டிரைவரும் கண்டக்டரும் நீங்கலாக. இதையெல்லாம் எண்ணச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் எண்ணினேன். அலுவலகம் ஓய்வு கொடுத்துவிட்டது, தலை கொடுக்கவில்லை. எண்ணுவதில் நான் அலட்சியமானவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

அந்த பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி என்னை அடையாற்றில் இறக்கிவிடும். அங்கிருந்து மூன்றாவது சந்தில் எங்கள் மைதானம். ஒரு சுற்று அறுநூற்று நாற்பது காலடி. தினம் ஆறு சுற்று. ஒரு பக்கம் ஐந்து படி கொண்ட சிமென்ட் கேலரி. அதன் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை, அறையை ஒட்டி ஒரே ஒரு கழிப்பறை, அதற்கு எப்போதும் ஒரு பூட்டு. இத்தனையையும் சேர்த்துத்தான் எங்கள் கிளப் செயலாளர் ஸ்டேடியம் என்பார். அவருக்கு தி.நகரில் பாத்திரக் கடை. இட்லிக் கொப்பரையைக்கூட 'குக்கிங் சிஸ்டம்' என்று சொல்லி விற்பவர். கேலரியில் நான் எண்ணிய அதிகபட்சக் கூட்டம் தொண்ணூற்று நான்கு. அன்று மழை. அதில் ஏழு பேர் ஒதுங்க வந்தவர்கள்.

அந்த இடத்தில் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்று கால்பந்து கிளப், லீக்கில் இரண்டாவது டிவிஷனில் ஆடுவது. அதற்கு நான் பொருளாளர். இன்னொன்று காலை நடையாளர் சங்கம். அதற்கு நான் செயலாளர், அதாவது மினிட்ஸ் புத்தகம் என் பையில் இருக்கும். கிளப்பில் இருபத்தேழு உறுப்பினர்கள், சங்கத்தில் நாற்பத்து நான்கு. கிளப்பின் இருபத்தேழு பேரும் சங்கத்திலும் உண்டு. காலையில் நடப்போம், ஞாயிற்றுக்கிழமை மாலையில் பந்தாட்டம் பார்த்துக் கத்துவோம். நிலம் ஒரு குடும்ப டிரஸ்டுடையது. நீண்ட குத்தகை கிளப்பின் பேரில் இருந்தது.

போன வருடம் லீக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புது விதி. எந்த கிளப்புக்கும் மூன்று வருடத்து நஷ்டம் சேர்த்து ஐந்து லட்சத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒரு டிவிஷன் கீழே. எங்கள் நஷ்டம் எட்டு லட்சத்து எழுபத்து மூவாயிரம். கூட்டிப் பார்க்கவே வேண்டாம், அந்த எண்ணோடுதான் நான் படுத்து எழுந்துகொண்டிருந்தேன். ஆற்று வெள்ளம் இரண்டு முறை மைதானத்துக்குள் வந்து போயிருந்தது. மண்ணடித்துச் சமன் செய்த செலவு. மீதி, ஆட்டக்காரர்களுக்குப் பஸ் காசும் முட்டையும்.

பஸ் காசையும் முட்டையையும் குறைக்கலாமா என்று கோச்சிடம் கேட்டேன். அவர் சைதாப்பேட்டைக்காரர், ஒரு காலத்தில் இடது பக்கம் ஓடினால் பிடிக்க முடியாத ஆட்டக்காரர், இப்போது மூட்டுவலிக்கு என்னிடம் தைலம் கேட்பவர்.

"இன்னா சார் நீ, பாதிப் பேரை ஆத்தோரத்துலேர்ந்து தூக்கி ஊருக்கு வெளிய போட்டுக்கிறான். ரெண்டு பஸ் மாறி வந்துகினு கீறான். வந்தவனுக்கு முட்டை இல்லன்னா பந்தையா துன்னுவான்?"

பிறகு கீப்பரைப் பற்றிச் சொன்னார். எங்கள் கோல் கீப்பருக்கு இருபத்து நான்கு வயது. இரவெல்லாம் பெருங்குடியில் ஓர் ஐ.டி. அலுவலகத்தில் செக்யூரிட்டி வேலை. விடிந்ததும் நேரே பயிற்சிக்கு வருவான். அரசுத் துறை அணிகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பதற்கு இரண்டாவது டிவிஷன் ஆட்டங்களைத்தான் வந்து பார்ப்பார்கள். மூன்றாவதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வயது வரம்பு இருபத்தைந்து.

"அவனுக்கு இந்த சீசன் வுட்டா கெடையாது சார். அப்பறம் ஆயுசுக்கும் கேட்டாண்ட குந்தினு கார் நம்பர் எழுத வேண்டியதுதான்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மின்விசிறி ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணப் பார்த்து, அதுவும் முடியவில்லை.

வழி கண்டுபிடித்தது பாத்திரக்கடைக்காரர்தான். அவருடைய மகன் இங்கிலாந்தில் இருக்கிறார். அங்கேயும் கிளப்புகளுக்கு நஷ்ட வரம்பு உண்டாம். வரம்பு தாண்டிய பெரிய கிளப்புகள் என்ன செய்தன தெரியுமா? தங்கள் ஸ்டேடியத்தைத் தங்கள் முதலாளியுடைய இன்னொரு கம்பெனிக்கே விற்றன. விற்ற பணம் வருமானம். நஷ்டம் மாயம். அடுத்த வாரம் அதே ஸ்டேடியத்தில் அதே கோல் கம்பத்துக்கு நடுவில் ஆட்டம். ஒரு கிளப் தன் ஓட்டலையே தனக்கு விற்றுக்கொண்டதாம்.

"நாமளும் விக்கலாம் சார்" என்றார், கேலரியின் இரண்டாவது படியில் உட்கார்ந்து சுண்டல் கொறித்துக்கொண்டே.

"யாருக்கு?"

"நமக்குத்தான். கிளப்பு விக்குது, நடையாளர் சங்கம் வாங்குது. உங்க சங்கத்துல டெபாசிட் தூங்கிட்டிருக்கே."

"அது பெண்களுக்குக் கழிப்பறை கட்ட வைத்திருப்பது."

"கட்டலாம், கட்டலாம். ஸ்டேடியமே நம்மளுது ஆனப்புறம் எங்க வேணா கட்டலாம்."

அவர் கடையில் ஒரு டவராவுக்கு விலை கேட்கப் போனால் காப்பி பில்டரோடுதான் வெளியே வருவோம். அன்றும் அப்படித்தான். லீக்கின் விதிகளை நான் மூன்று முறை படித்தேன். தன்னுடையதைத் தனக்கே விற்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. குத்தகையில் முப்பத்தொரு வருடம் பாக்கி இருந்தது. அதற்கு நான்கு லட்சம் என்று விலை வைத்தோம். டிரஸ்டின் பெரியவர் சம்மதம் எழுதிக் கொடுத்தார். அவருக்கு யார் பேரில் இருந்தாலும் ஒன்றுதான். கிளப்பின் நிர்வாகக் குழு கூடி விற்க முடிவு செய்தது. பத்து நிமிடம் கழித்து, நாற்காலிகளை நகர்த்தாமல், அதே ஏழு பேர் சங்கத்தின் நிர்வாகக் குழுவாகக் கூடி வாங்க முடிவு செய்தோம். நடுவில் ஒரு சுற்று காப்பி. விலை அதிகம் என்று சங்கத்தின் சார்பில் நான் கொஞ்சம் முனகினேன். முறை என்று ஒன்று இருக்கிறதே. கிளப்பின் பொருளாளர் என்ற முறையில் நானே அதற்குப் பதிலும் சொன்னேன்.

பத்திரம் ஆயிற்று. காசோலை மாறியது. நஷ்டம் நான்கு லட்சத்து எழுபத்து மூவாயிரத்துக்கு இறங்கியது. லீக் அலுவலகத்தில் கணக்கை வாங்கிப் பார்த்தவர் இரண்டு முறை என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆனால் முத்திரை குத்திவிட்டார். அந்த வாரம் நான் என் ரத்த அழுத்த மாத்திரையைக்கூட ஒருநாள் மறந்தேன். அவ்வளவு நிம்மதி.

இன்னும் ஒரு காகிதம் பாக்கி என்றார்கள். மைதானம் கைமாறிவிட்டதால், அங்கே கால்பந்து ஆடலாம் என்று புது உரிமையாளர் எழுதித் தர வேண்டும். உடன் உரிமையாளரின் விதிமுறைப் புத்தகம் ஒரு பிரதி. இருபது நாள் அவகாசம். இது என்ன பிரமாதம் என்று வீட்டுக்கு வந்து, மேசை இழுப்பறையிலிருந்து சங்கத்தின் விதிமுறைகளை எடுத்தேன். ஒன்பதாவது விதியில் கண் நின்றது.

'சங்கத்தின் வசமுள்ள எந்த இடத்திலும் பந்து விளையாட்டுகள் அனுமதிக்கப்பட மாட்டா.'

எழுதியது நான்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, நான்காவது சுற்றில், மைதானத்திலிருந்து வந்த ஒரு பந்து என் முகத்தில் பட்டு மூக்குக் கண்ணாடி இரண்டாக உடைந்தது. அன்று மாலையே பொதுக்குழுவைக் கூட்டினேன். அப்போது சங்கத்தின் வசம் இருந்ததெல்லாம் கேலரிக்குப் பின்னால் இருந்த இரண்டு சிமென்ட் பெஞ்சுகள்தான். பெஞ்சுக்காகப் போட்ட விதி இப்போது மைதானம் முழுவதையும் மூடிவிட்டது.

பாத்திரக்கடைக்காரருக்கு போன் செய்து சொன்னேன்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிட்டு ஜெராக்ஸ் எடுத்தா?" என்றார்.

"பக்கங்களுக்கு எண் போட்டிருக்கிறேன்."

"நீங்க போட்டிருப்பீங்க சார்" என்று பெருமூச்சு விட்டார்.

விதியைத் திருத்த வழி உண்டு. பதினான்கு நாள் முன்னறிவிப்பு, பொதுக்குழு, மொத்த உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு. அதாவது முப்பத்து மூன்று கைகள். நேரில் வந்து தூக்க வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் தூக்கக் கூடாது. இதையும் பின்னாளில் நான்தான் எழுதினேன். ஜூன் மாதம் வேறு. அடையாற்றில் பாதிப் பேர் பேரக்குழந்தைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற மாதம். விரல் விட்டு எண்ணினேன். நாற்பத்து நான்கில் அமெரிக்காவில் ஆறு. முழங்கால் அறுவை சிகிச்சை இரண்டு. காசி யாத்திரை ஒன்று. பாத்திரக்கடைக்காரர் விற்ற குக்கர் வெடித்த நாளிலிருந்து அவர் இருக்கும் இடத்துக்கே வராதவர் ஒருவர். மிச்சம் முப்பத்து நான்கு. ஒரே ஒரு கை உபரி.

அந்த முப்பத்து நான்கில் ஒருவர் தலைமையாசிரியை. பெண்கள் பள்ளி ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர், நடையாளர் சங்கத்தில் மட்டும் உறுப்பினர். காலையில் பந்து பாதைக்கு வந்தால் அவர் போடும் சத்தத்தில் ஆட்டக்காரர்கள் மட்டுமல்ல, நாங்களும் நிமிர்ந்து நிற்போம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "யாரோடது இது?" என்று கேட்பார். இருபத்திரண்டு பேரில் ஒருவனும் வாய் திறக்க மாட்டான். ஒன்பதாவது விதி அவருக்காகவே எழுதப்பட்டது போல நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவங்களை விட்டுடுவோம். மீதி முப்பத்து மூணு போதும்" என்றார் பாத்திரக்கடைக்காரர்.

பதினைந்தாம் நாள் மாலை கேலரியில் பொதுக்குழு. நான் கீழே மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். என் மனைவி முதல் படியில். அவளும் உறுப்பினர்தான், சுற்றுக்கு எட்டு நிமிடம். கோச்சும் கீப்பரும் மைதானத்தின் அந்தக் கோடியில் கோல் கம்பத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். கீப்பர் அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தான்.

ஐந்தரைக்கு ஒரு போன். எங்கள் ஆள் ஒருவரின் மாப்பிள்ளை முன்னறிவிப்பு இல்லாமல் பெங்களூரிலிருந்து வந்து இறங்கிவிட்டாராம், வர முடியாது. உபரி போயிற்று. இப்போது மொத்தம் முப்பத்து மூன்று பேர், என்னையும், கடைசிப் படியில் தனியாக உட்கார்ந்திருந்த தலைமையாசிரியையையும் சேர்த்து.

நான் தீர்மானத்தைப் படித்தேன். ஒன்பதாவது விதி நீக்கப்படுகிறது. ஆதரிப்பவர்கள் கை தூக்கவும்.

எண்ணினேன். முப்பத்திரண்டு. என் கையையும் சேர்த்துத்தான். இன்னொரு முறை, இந்தத் தடவை வலமிருந்து இடமாக எண்ணினேன். முப்பத்திரண்டு.

தலைமையாசிரியை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்" என்று பாத்திரக்கடைக்காரர் எழுந்தார். "பாவம் பசங்க. ஒரு கீப்பர் இருக்கான், அவனுக்கு வயசு…"

"எனக்குத் தெரியும். தினமும் காலைல எனக்கு வணக்கம் சொல்றவன் அவன் ஒருத்தன்தான்" என்றார் அவர். "நீங்க உக்காருங்க. உங்க வலது கையை இடது கைக்கு வித்தவரு நீங்க. நான் செயலாளர்கிட்ட பேசணும்."

செயலாளர் நான். எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

"ஒன்பதாவது விதி பாஸ் ஆன அன்னிக்கு மினிட்ஸ்ல என்ன எழுதியிருக்கீங்க? படிங்க."

புத்தகத்தைப் புரட்டினேன். பக்கம் நாற்பத்தொன்று. "வருகை இருபத்தொன்பது. விதி ஏகமனதாக நிறைவேறியது."

"ஏகமனதா?"

"ஆமாம்."

"நான் எதிர்த்துக் கை தூக்கினேன். இதே படில, இதே எடத்துல உக்காந்து. பந்து விளையாடாத மைதானம் எதுக்கு, நெல்லு காயப்போடவான்னு கேட்டேன். என் ஸ்கூல் பொண்ணுங்க இங்கதான் த்ரோபால் ஆடினாங்க. பன்னெண்டு வருஷமா இந்த ஊரே என்னைப் பந்துக்கு எதிரின்னு நினைச்சிட்டிருக்கு. பாதைல வந்தாதான் திட்டுவேன். ஆடினதுக்கு என்னிக்காவது திட்டியிருக்கேனா?"

புத்தகத்தில் அந்த வரியை இன்னொரு முறை பார்த்தேன்.

"அன்று என் கண்ணாடி உடைந்திருந்தது" என்றேன். "பழைய கண்ணாடியில் கடைசிப் படி எனக்குச் சரியாகத் தெரியவில்லை."

அது உண்மைதான். அதோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பேன். முதல் படியிலிருந்து என் மனைவி தெளிவாகச் சொன்னாள்:

"அன்னிக்கு ராத்திரியே ஆத்துக்கு வந்து சொன்னேனே! அவா கையைத் தூக்கினா, நான் பார்த்தேன்னேன். இங்க் காஞ்சுடுத்து, இனிமே அடிச்சு எழுதினா பக்கம் அசிங்கமாயிடும்னேள்."

சொல்லியிருக்கிறாள். நான் அப்படித்தான் பதில் சொன்னேன். மந்தைவெளி நிறுத்தத்துக்குக் காலடி எண்ணுகிறவன், ஒரு பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு கையை எண்ணாமல் விட்டேன். முப்பத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கோடியில் கீப்பர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.

பேனாவை எடுத்தேன். 'ஏகமனதாக' என்பதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தேன். மேலே எழுதி, எழுதியதை உரக்கப் படித்தேன்: "ஆதரவு இருபத்தெட்டு. எதிர்ப்பு ஒன்று. பதிவில் பிழை செய்தவர் செயலாளர்." பக்கத்தில் கையெழுத்தும் தேதியும். இருபத்தெட்டும் ஒன்றும் இருபத்தொன்பது. கணக்கு அப்போதுதான் சரியானது.

"காட்டுங்க" என்றார். ஐந்து படி ஏறிப் போய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார், விடைத்தாள் திருத்துகிற மாதிரி.

"இன்னொண்ணு. பொம்பளைங்க கழிப்பறைக்கு வெச்சிருந்த பணத்துல ஸ்டேடியம் வாங்கிட்டீங்க. சரி. புதுசு கட்டற வரைக்கும் அந்த ரூம் பக்கத்துல இருக்கறதோட சாவி எங்களுக்கு வேணும். காலைல அஞ்சரைலேர்ந்து."

சாவி கோச்சிடம் இருந்தது. அவர் மைதானத்துக்குக் குறுக்கே நொண்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"இன்னா டீச்சர் நீ, இத்த அப்பவே கேட்டிருந்தா அப்பவே குட்த்திருப்பேனே! இந்தா. ரெண்டு சாவி கீது, ரெண்டையும் வெச்சுக்கோ. எங்க பசங்க எங்கனா போய்க்குவானுங்க."

"எங்கனா எல்லாம் போகக் கூடாது" என்றார் தலைமையாசிரியை. "ஒண்ணு நீ வெச்சுக்க."

பிறகு கையைத் தூக்கினார். முப்பத்து மூன்று. மூன்றாவது முறையாகவும் எண்ணினேன், யாரும் அவசரப்படுத்தவில்லை.

கடிதம் பத்தொன்பதாம் நாள் லீக்கில் சேர்ந்தது. அந்த சீசன் இரண்டாவது டிவிஷனில் பதினான்கு ஆட்டம் ஆடினோம். ஐந்தில் வெற்றி, மூன்று சமன், ஆறு தோல்வி. ஒன்பதாவது ஆட்டத்துக்கு ஒரு துறை அணியிலிருந்து நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வந்து கேலரியின் மூன்றாவது படியில் உட்கார்ந்தார். நான் நான்காவது படிக்கு மாறினேன். கீப்பர் பதினோரு பந்தைத் தடுத்தான், இரண்டை விட்டான். ஒவ்வொரு தடவையும் அவர் எழுதினாரா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துப் பார்த்து எனக்கு மூன்று நாள் கழுத்து வலி. தடுத்ததில் ஒன்றை அவர் எழுதாமல் விட்டுவிட்டார். எழுந்து சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"நீங்க ஒரு கையையே விட்டேள், அவர் ஒரு பந்தைத்தானே விட்டிருக்கார்."

பிப்ரவரியில் கீப்பருக்கு அந்தத் துறையிலிருந்து வேலை உத்தரவு வந்தது. வயது வரம்புக்கு முப்பத்தெட்டு நாள் மிச்சம். அதே மாதம் லீக்கிலிருந்து எங்களுக்கும் ஒரு கடிதம். புது விதி: ஒரு கிளப் தன் மைதானத்தைத் தன் உறுப்பினர்களே நடத்தும் வேறு அமைப்புக்கு விற்றால் அது வருமானமாகக் கொள்ளப்பட மாட்டாது. எங்கள் பெயர் போடவில்லை. பாத்திரக்கடைக்காரர் அதற்கு வருத்தப்பட்டார். இங்கிலாந்திலும் இந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறார்களாம். அவர்களுக்குச் சமமாக நாமும் போய்விட்டோம் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வருட நஷ்டத்துக்கு என்ன செய்வது என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. இப்போதைக்கு என்னிடம் மூன்று யோசனை இருக்கிறது, மூன்றும் சரியில்லை.

அடுத்த பொதுக்குழுவில் கீப்பரைப் பாராட்டித் தீர்மானம். அவனும் வந்து, மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆதரிப்பவர்கள் கை தூக்கவும் என்றேன். அமெரிக்காவிலிருந்து எல்லோரும் திரும்பியிருந்தார்கள், முழங்கால்களும் வந்திருந்தன. குக்கர் வெடித்தவர்கூட வந்து, பாத்திரக்கடைக்காரருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நாற்பத்து நான்கு இருக்க வேண்டும். இடமிருந்து வலம் எண்ணினேன், வலமிருந்து இடம் எண்ணினேன், இரண்டிலும் சரியாக வந்தது. பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஐந்து படியும் ஏறிக் கடைசிப் படிக்குப் போனேன்.

"உங்கள் கை?" என்றேன்.

"தூக்கிட்டுத்தானே இருக்கேன். வலிக்குது, சீக்கிரம் எழுதுங்க" என்றார் தலைமையாசிரியை.

இறங்கி வந்து எழுதினேன். ஏகமனதாக.